பிளம்பர் சோதித்த ரெயின்கோட்

அந்தப் பிளம்பரிடம் எதையும் அவ்வளவு சுலபமாக விற்றுவிட முடியாது. வாளி வாங்கினால்கூடக் கடை வாசலிலேயே தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் சட்டைப்பையில் கைவிடுவார். அவர் தலை தெரிந்தாலே கடைக்காரர்கள், "இன்னிக்கு முழிச்ச முகம் சரியில்ல" என்று முணுமுணுப்பார்கள். அப்பேர்ப்பட்ட மனுஷர் மனைவிக்கு ரெயின்கோட் வாங்கக் கிளம்பினால் என்ன பாடுபடுத்துவார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மனைவிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. நடமாட முடியாதவர்களின் வீடுகளுக்கு ஸ்கூட்டரில் போய் ரத்தம் எடுத்து வரவேண்டும். பெற்றவர்கள் வைத்த பேர் மறந்து எல்லோருக்கும் 'ஊசி அக்கா' ஆகிவிட்டார். கண்ணுக்கே தெரியாத நரம்பையும் விரல் நுனியால் தடவிக் கண்டுபிடித்துவிடுவார். வேறு யாராவது ஊசியோடு வந்தால் கையை நீட்டாமல் அடம்பிடிக்கும் பெரியவர்கள் நாலைந்து பேர் உண்டு.

போன மழைக்காலத்தில் நனைந்து நனைந்து சளி நெஞ்சில் கட்டி, பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இன்னொரு தடவை அப்படிப் படுத்தால் வெளிவேலை கிடையாது, ரசீது போடும் மேசையில்தான் உட்கார வேண்டும் என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்த மேசையை நினைத்தாலே ஊசி அக்காவுக்கு வேப்பங்காயாகக் கசந்தது.

ஆக, ஒழுகாத ரெயின்கோட் வேண்டும். விலையும் கையைக் கடிக்கக் கூடாது. பிளம்பர் நாலு கடை ஏறி இறங்கினார். மெல்லிய பிளாஸ்டிக்கில் ஒன்றைக் காட்டினார்கள். "மூணு மழை தாங்குனா அதிகம்" என்று தள்ளிவைத்தார். போர்வைபோலப் போர்த்திக்கொள்கிற ஒன்று கொள்ளை மலிவாகக் கிடைத்தது. காற்றில் பறந்து சக்கரத்தில் சிக்கினால் யார் பதில் சொல்வது? அதுவும் வேண்டாம். கடைசியில் நடுத்தர விலையில் ஒன்று அகப்பட்டது. சட்டை தனி, பேன்ட் தனி. ஜிப்பை மறைக்க மேலே ஒரு மடிப்பு. தையல் துளை வழியாகத் தண்ணீர் இறங்காமலிருக்க உள்பக்கம் டேப் ஒட்டியிருந்தது. ஒரு வருஷத்துக்கு கேரண்டி என்றார் கடைக்காரர். தானே தினமும் நாலு பேருக்கு கேரண்டி கொடுக்கிறவர் என்பதால் பிளம்பர் அந்த வார்த்தையை மட்டும் நம்பவே மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, புதுத் தண்ணீர்த் தொட்டியைச் சோதிப்பதுபோலவே அதையும் சோதித்தார். பேன்ட்டின் கால்களை டியூப் ரப்பரால் இறுகக் கட்டி, கொல்லைப்புறக் கம்பியில் தொங்கவிட்டு, இடுப்பு வரை தண்ணீரை நிரப்பினார். சட்டைக் கைகளுக்கும் அதே கதிதான். சாயங்காலம் வரை கீழே ஒரு சொட்டு விழவில்லை. காயவைத்து மடித்துக் கொடுக்கும்போது அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"கடலுக்குள்ள விழுந்தாலும் நனைய மாட்டே, பாத்துக்கோ."

புதன்கிழமை மழை பிடித்துக்கொண்டது. மத்தியானம் வீடு திரும்பிய ஊசி அக்கா தொப்பலாக நனைந்திருந்தார். உடம்பு வெடவெடவென்று ஆடியது. பிளம்பருக்கு வந்ததே கோபம்! ரெயின்கோட்டைச் சுருட்டிக்கொண்டு நேரே கடைக்குப் போய்க் குதித்தார்.

கடைக்காரர் அதை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினார். டேப் முழுக்கச் சுருண்டு உரிந்து கிடந்தது.

"என்ன பண்ணீங்க இதை?"

பிளம்பர் தொட்டிச் சோதனையை ஒன்றுவிடாமல் விளக்கினார்.

"அண்ணே, மழை வெளியில இருந்துதான் அடிக்கும். நீங்க பசை இருக்கிற பக்கமா நாள் பூரா ஊறவச்சா, அது எப்படிண்ணே நிக்கும்? அந்தக் கனமும் சேந்து தையலை இழுத்திருக்கு."

பிளம்பர் முப்பது வருஷத் தொழிலில் இப்படி மூக்குடைபட்டதில்லை.

வீட்டில் ஊசி அக்கா போர்வையைச் சுற்றிக்கொண்டு வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு முறை இருமினார். பிளம்பர் நடந்ததை அப்படியே சொன்னார்.

ஊசி அக்கா சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

"நான் இனிமே வெளிய போகக் கூடாதுன்னுதானே இப்படிச் செஞ்சீங்க?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லம்மா."

"என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

ஆஸ்பத்திரியில் மனைவி மூச்சுக்குத் திணறியதைப் பார்த்த நாளிலிருந்து, இவள் அந்த மேசையிலேயே உட்கார்ந்துவிட்டால் தேவலை என்று பிளம்பர் நினைக்காத நாளில்லை.

"போக வேண்டாம்னு நினைச்சது நிஜம். ஆனா கோட்டைக் கெடுக்கணும்னு நினைக்கவே இல்ல. நீ நனையக் கூடாதுன்னுதான் அவ்வளவும் பண்ணேன்."

ஊசி அக்கா தம்ளரில் மிச்சமிருந்த வெந்நீரை அவரிடம் நீட்டினார். "நீங்களும்தான் நனைஞ்சிருக்கீங்க. குடிங்க முதல்ல."

நல்லவேளை, காய்ச்சல் வரவில்லை. மறுநாள் ஊசி அக்காவே ஸ்கூட்டரில் கடைக்குப் போனார். ஒவ்வொரு கோட்டாகப் போட்டுக்கொண்டு வண்டிமேல் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தார். கை நீட்டும்போது மணிக்கட்டு தெரிகிறதா, குனிந்தால் முதுகுப்பக்கம் ஏறுகிறதா என்று பார்த்து, ஒரு சைஸ் பெரியதாக எடுத்தார். பிளம்பர் ஒரு ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தண்ணீர் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஊசி அக்கா கோட்டை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். பிளம்பர் குறுக்கே வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கு ஒருநாள் லீவு போடேன்."

"வெறும் வயித்தோட ரெண்டு பேர் காத்துக்கிட்டிருக்காங்க. நான் போனாத்தான் அவங்க சாப்பிட முடியும்."

"எனக்குப் பயமா இருக்கும்மா."

"எனக்கு மட்டும் இல்லையா?" ஊசி அக்கா ஜிப்புமேல் மடிப்பைக் கழுத்துவரை அழுத்தி ஒட்டிக்கொண்டார். "தள்ளுங்க, நேரமாச்சு."

பிளம்பர் கையை எடுத்துவிட்டு வழிவிட்டார்.