எஞ்சின் சீலும் எதிர் டீம்காரரும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பங்குனி மாதத்தில், ஸ்ரீரங்கத்துத் தெருவெல்லாம் உற்சவக் கூட்டம் நிறைந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. அன்றைக்கு என் கணவருக்குச் சுத்தம் பார்க்கும் பழக்கம் மட்டும் இல்லாமல் போயிருந்தால், என் மகளின் ஒரு வருடம் அரை சாண் கம்பியோடு போயிருக்கும்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சந்தேக புத்தி. பால்காரர் தண்ணீர் கலந்தால் சண்டை போடுவேன். கலக்காமல் கெட்டியாக ஊற்றினால், இன்றைக்கு ஏன் கலக்கவில்லை என்று யோசிப்பேன். என் கணவர் இதை வைத்து என்னைக் கேலி பண்ணாத நாள் கிடையாது. ஆனால் எங்கள் குடும்பத்துக்கு இந்தப் புத்தி தேவைப்பட்டது. ஏனென்றால் நாங்கள் கார் பந்தயத்தில் இருக்கிறோம்.

பெரிய கம்பெனி என்று நினைத்துவிடாதீர்கள். கணவருக்கு எடமலைப்பட்டி புதூரில் கார் மெக்கானிக் ஷெட். ஓட்டி நொறுக்கிய ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, பிரித்து, கவிழ்ந்தாலும் நசுங்காமலிருக்க உள்ளே இரும்புக் கூண்டு வைத்து அவரே தயார் செய்தார். ஓட்டுவது எங்கள் ஒரே மகள். என் வேலை சோறு கட்டுவது, டயர் உருட்டுவது, பக்கத்து டீம் என்ன செய்கிறது என்று வேவு பார்ப்பது. மூன்றாவது வேலையில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

என்ஜினியரிங் முடித்த மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. கெஞ்சிக் கூத்தாடி, ஒரு வருடம் தள்ளிச் சேர்கிறேன் என்று கம்பெனியில் அனுமதி வாங்கியிருந்தாள். அந்த ஒரு வருடம்தான் அவளுக்கு மிச்சம். அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது.

நாங்கள் எப்போதும் ஒரே பந்தயத் தொடரில்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம். சென்னைப் பக்கமும் கோயம்புத்தூர்ப் பக்கமும் மாறி மாறி நடக்கும். அதில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. சீசன் தொடங்குமுன் தொடர் நடத்துகிறவர்களின் ஆள் வந்து எஞ்சினைச் சோதித்து, மெல்லிய கம்பி கோத்து, அதன் முனையில் ஈய சீல் வைத்துவிட்டுப் போவார். உள்ளே கை வைத்து யாரும் திருட்டு வேலை செய்யக் கூடாது என்பதற்காக. அந்தக் கம்பி அறுந்தால் அந்த சீசன் முழுக்க அந்தக் கார் வெளியே. காரணம் எதுவும் எடுபடாது.

அந்த வருடம் புதிதாக இன்னொரு தொடர் ஆரம்பிக்கப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. புதுத் தொடரின் ஆள் ஒருவர் புதன்கிழமை எங்கள் ஷெட்டுக்கே வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கையில் ஸ்வீட் பாக்ஸ். என் மகளின் பெயர் அச்சடித்த டி-ஷர்ட் ஒன்றை அவளிடம் நீட்டி, “சாம்பியன்” என்று கூப்பிட்டார். அவள் போன வருடம் நாலாவது இடம். டயர் நாங்களே தருகிறோம், காரை லாரியில் ஏற்றி இறக்குவது எங்கள் பொறுப்பு, எல்லாப் பந்தயமும் டிவியில் வரும் என்று அடுக்கினார். திருச்சியிலிருந்து ஒரே ஒரு டீம்தான் எடுக்கிறோம், அது நீங்களாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன் என்றார்.

எனக்கு அப்போதே பொறி தட்டியது. காரைப் பார்க்க வந்தவர், பானெட்டைத் திறந்ததும் எஞ்சினைப் பார்க்கவில்லை. சீல் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். என் கணவர் ஆசை ஆசையாக எதையோ விளக்க, அவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது விஷயத்துக்கு வந்தார். “எங்க தொடருக்கு எஞ்சின்ல ரெண்டு சாமான் மாத்தணும் சார். ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள அந்தக் கம்பிய வெட்டி ஒரு போட்டோ அனுப்பிடுங்க. உடனே உங்க டீம் பேரப் போட்டுடறேன்.”

பெயரைப் போட்ட பிறகு வெட்டினால் ஆகாதா என்று நான் கேட்டேன். நம்பிக்கைதான் மேடம் எல்லாம் என்று சிரித்தார். நம்பிக்கை என்ற வார்த்தையை அடிக்கடி சொல்கிறவர்களிடம் எனக்கு எப்போதுமே ஒரு கண்.

மூன்று நாள் வீட்டில் இதே பேச்சு. கணவருக்கு அரை மனசு, மகளுக்கு முக்கால் மனசு. டிவியில் வந்தால் பெரிய டீம் ஏதாவது கூப்பிடும் என்று அவள் கணக்குப் போட்டாள். நான் மட்டும் வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை இரவு இருவரும் கிட்டத்தட்ட என் வழிக்கு வந்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கணவர் ஷெட்டுக்குப் போய்விட்டார். நானும் மகளும் ஸ்ரீரங்கத்து வீட்டில். வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம். எட்டிப் பார்த்தால், மண்ணச்சநல்லூர்க்காரர்!

இவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மண்ணச்சநல்லூரில் அரிசி மில் வைத்திருப்பவர். மகனை வைத்து எங்கள் தொடரிலேயே கார் ஓட்டுகிறார். ஒரே ஊர்ப்பக்கம் என்றுதான் பெயர், பந்தய மைதானத்தில் நாங்கள் அந்தப் பக்கம் போனாலே அவசர அவசரமாகக் காரைத் தார்ப்பாய் போட்டு மூடுவார். நாங்களும் சும்மா இல்லை, அவர் தலை தெரிந்தால் மூடுவோம். ஒருமுறை கோயம்புத்தூரில் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை டயர் மாட்டலாமா வேண்டாமா என்று நாங்கள் முழித்துக்கொண்டிருந்தபோது, போகிறபோக்கில், “இது சும்மா மேகம், கலைஞ்சிடும்” என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த மனுஷன் நம்மை ஏமாற்றப் பார்க்கிறார், மாட்டுங்கள் மழை டயரை என்றேன். கொட்டித் தீர்த்தது மழை. அவருடைய கார் காய்ந்த ரோட்டுக்கான வழவழ டயரோடு சறுக்கிச் சறுக்கிக் கடைசியில் வந்தது. நமக்குக் குழி பறிக்கப் பார்த்தார், ஆண்டவன் அவருக்கே காட்டிவிட்டான் என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். அன்றிலிருந்து அவர் சொல்வதற்கு நேர்மாறாகச் செய்வது எங்கள் வீட்டுச் சட்டம்.

அப்பேர்ப்பட்டவர் வீடு தேடி வந்து நிற்கிறார். கூட்டத்தில் நசுங்கி வந்ததில் சட்டையெல்லாம் வியர்வை. காப்பி வேண்டாம் என்று தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார். உட்காரவில்லை.

“அம்மா, அந்தக் கம்பிய வெட்டிடாதீங்க. அந்த ஆள நம்பாதீங்க.”

எனக்கு உடம்பெல்லாம் காதாகிவிட்டது. எங்கள் ஷெட்டில் பேசியது இவருக்கு எப்படித் தெரியும்? நீங்கள் அந்தத் தொடரில் சேரவில்லையா என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு இல்லை என்றார். ஒரு கை சட்டைப் பையிலேயே இருந்தது. வேறொன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

பொய்! வெள்ளிக்கிழமைதான் அவருடைய போன் ஸ்டேட்டஸில் அவர் மகன் அதே மாதிரி டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு நிற்கும் படத்தைப் பார்த்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அதை எடுத்தும்விட்டார்கள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. திருச்சியிலிருந்து ஒரே ஒரு டீம். அந்த இடத்துக்கு இவர் அடி போடுகிறார், நாம் குறுக்கே நிற்கிறோம், அதனால் நல்லவர் வேஷம் போட்டு வந்து நம்மை விலக்கப் பார்க்கிறார். மூன்று நாளாக வேண்டாம், வேண்டாம் என்றிருந்த நான், அவர் வேண்டாம் என்று சொன்ன ஒரே காரணத்துக்காக, உடனே கணவருக்குப் போன் போட்டேன்.

“ஏங்க, வெட்டுங்க.”

என்ன திடீரென்று என்று அவர் கேட்டார். மண்ணச்சநல்லூர்க்காரர் வந்து வெட்டாதே என்கிறார் என்றேன். அவருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. சரி, வெட்டிவிடுகிறேன் என்று வைத்துவிட்டார்.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பொய் சொன்னவரைக் கையும் களவுமாகப் பிடிக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அவர் ஷெட்டில் புதுத் தொடருக்கு எஞ்சின் வேலை நடந்துகொண்டிருக்கும், போய் நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று மகளை ஸ்கூட்டியை எடுக்கச் சொன்னேன். கூட்டத்தில் ஊர்ந்து, கொள்ளிடம் பாலம் ஏறி, டோல்கேட் தாண்டி மண்ணச்சநல்லூர் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் மில் ஓடவில்லை. பின்பக்க ஷெட்டில் கார் நின்றுகொண்டிருந்தது. தார்ப்பாய் இல்லை. பானெட் திறந்திருந்தது. எஞ்சினில் எந்த வேலையும் நடக்கவில்லை. சீல் இருக்க வேண்டிய இடத்தில் அறுந்த கம்பியின் ஒரு முனை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அவர் பக்கத்தில் ஒரு அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார்.

நான் ஒத்திகை பார்த்ததற்கெல்லாம் அங்கே வேலையே இல்லை. என் மகள்தான், “எப்ப வெட்டினீங்க அங்கிள்?” என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை வெட்டிப் படம் அனுப்பினாராம். அனுப்பின பிறகு அந்த ஆள் போனே எடுக்கவில்லை. வேறொரு நம்பரிலிருந்து கூப்பிட்டால், பந்தயத் தேதி இன்னும் முடிவாகவில்லை, பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டான். பழைய தொடரின் ஆபீசுக்குப் பேசினால், கம்பி அறுந்தால் அறுந்ததுதான், இந்த சீசன் முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். எங்களிடம் சொன்ன அதே ‘ஒரே ஒரு டீம்’ கதையைத்தான் அவரிடமும் சொல்லியிருக்கிறான். பேச்சுவாக்கில் அடுத்து எடமலைப்பட்டி புதூருக்குப் போகணும் என்று அவன் சொன்னதை வைத்துத்தான் எங்களைத் தேடி வந்திருக்கிறார்.

இதைக் காலையிலேயே சொல்ல வேண்டியதுதானே என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து கையை எடுத்தார். உள்ளங்கையில் அந்த ஈய சீல், வெட்டின கம்பியோடு.

“காட்டத்தாம்மா கொண்டாந்தேன். உங்க வீட்டுல நின்னு, நான் ஏமாந்துட்டேன்னு சொல்ல வாய் வரல. சிரிப்பீங்கன்னு நெனச்சேன்.”

சிரித்திருப்பேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்போதுதான் சுருக்கென்றது. ஐயோ, வெட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேனே! கணவருக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. திரும்பப் போட்டேன். எடுக்கவில்லை. மகள் முகம் வெளுத்துவிட்டது. அந்த அறுந்த கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய அந்த ஒரு வருடத்தை நானே என் வாயால் வெட்டச் சொல்லியிருக்கிறேன். மூன்றாவது தடவையும் போட்டுப் பார்த்தேன். எங்கள் ஷெட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் அம்மாவின் நம்பரை மகள்தான் தேடிப் போட்டாள்.

“அக்கா, ஓடிப்போய் எங்க வீட்டுக்காரர் கையில என்ன இருந்தாலும் புடுங்குங்க. அப்புறமா காரணம் சொல்றேன்.”

அந்த மகராசி ஒரு கேள்வி கேட்கவில்லை. போனைப் பிடித்துக்கொண்டே அவர் ஓடுவது கேட்டது. பிறகு ஒரு சின்னத் தள்ளுமுள்ளு. பிறகு என் கணவரின் குரல்.

“என்னம்மா இது, இவங்க வந்து பிரஷ்ஷப் புடுங்கறாங்க?”

பிரஷ்! கம்பி என்னாயிற்று என்று கத்தினேன்.

“இன்னும் வெட்டல. எஞ்சின் முழுக்க கிரீஸு. இந்த லட்சணத்துல போட்டோ எடுத்து அனுப்பினா என்னப் பத்தி என்ன நெனப்பான்? தொடச்சிட்டு வெட்டலாம்னு இருக்கேன்.”

நான் அந்த மில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மகள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், திரும்ப அழுதாள். மண்ணச்சநல்லூர்க்காரர் எழுந்து உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதை வாங்கும்போது என்னையறியாமல் அண்ணே என்று சொல்லிவிட்டேன்.

புதுத் தொடர் நடக்கவே இல்லை. பழைய தொடரில் கார்கள் குறைந்து அது நின்றுபோனால் அந்த இடத்தைப் பிடிக்கலாம் என்பதுதான் திட்டம் என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். எது உண்மையோ எனக்குத் தெரியாது. அந்த ஆளின் நம்பர் பிறகு உயிரோடு இல்லை.

அந்த சீசனின் முதல் பந்தயம் சென்னைப் பக்கம். மண்ணச்சநல்லூர்க்காரர் வந்திருந்தார், காரும் இல்லாமல், வேலையும் இல்லாமல். எங்கள் டீம் இருந்த இடத்தில் வந்து நின்றார். என் கணவர் காரை மூடத் தார்ப்பாயைத் தேடவே இல்லை. பந்தயத்துக்குக் கொஞ்ச நேரம் முன்பு வானம் இருட்டியது. அவர் மேலே பார்த்துவிட்டு, “இது கட்டாயம் பெய்யும்மா. மழை டயர் போட்டுடுங்க” என்றார்.

கணவர் என் முகத்தைப் பார்த்தார். பழைய புத்தி ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்தது. மாட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு சொட்டுக் கூடப் பெய்யவில்லை. காய்ந்த ரோட்டில் மழை டயர் சூடேறித் தேய்ந்து, என் மகள் எட்டாவதாக வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றியதும் யார் சொல்லி இந்த டயரை மாட்டினீர்கள் என்று பொரிந்து தள்ளினாள். மண்ணச்சநல்லூர்க்காரர் ஒரு மூலையில் முகம் தொங்கிப்போய் நின்றார். நான்தான் சொன்னேன் என்றேன். மிச்சப் பந்தயங்களில் அவள் மேலேறி மூன்றாவது இடத்தில் சீசனை முடித்தாள், அது வேறு கதை.

ஆனால் அவரை அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்குக் கோயம்புத்தூர் ஞாபகம் வந்தது. மேகம் கலைஞ்சிடும் என்று எங்களிடம் சொன்னாரே, அன்றைக்கு அவருடைய சொந்த மகனும் அதே வழவழ டயரோடுதானே மழையில் சறுக்கினான்! என் கண்ணாலேயே பார்த்தேன். ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அவர் எங்களை ஏமாற்றவே இல்லை. அந்த மனுஷனுக்கு வானம் பார்க்கத் தெரியாது, அவ்வளவுதான்.

என் சந்தேக புத்தி இன்னும் போகவில்லை, பால்காரரைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் ஒருவர் சொன்னது தப்பாகிப் போனால், அவர் பொய் சொன்னாரா என்று யோசிக்கும் முன்பு, அவருடைய கார் அன்றைக்கு எந்த டயரில் ஓடியது என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.