கானாவுக்கு எதிராக எங்கள் சந்து

"ஒரு பொண்ணு வருமாம். வாயே தொறக்காதாம். ஆனா போறதுக்குள்ள வீட்டுல இருக்கிற கரண்டியைக்கூட எண்ணிட்டுப் போயிடுமாம்."

பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு வரும் ஃபெரியில் என் முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது இது. அந்தப் பெண் நான்தான். மடியிலிருந்த கேள்வித்தாள் கட்டைக் காலுக்கடியில் தள்ளிவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டேன். ஒரு சின்னத் திருத்தம்: கரண்டிகளை நான் எண்ணியதே இல்லை. கேள்வித்தாளில் கரண்டி கிடையாது.

பிறர் வீட்டுக்குள் போய் என்னென்ன இருக்கிறது என்று பார்த்து எழுதுவதும் ஒரு பிழைப்பு. இன்ஷூரன்ஸ் விற்றவர்கள், மீட்டர் பார்த்தவர்கள், தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டவர்கள், மூடிய கதவுக்கு முன்னால் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தவித்தவர்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். உங்களுக்குப் புரியும்.

ஆடும் ரம்புத்தானும்

எண்பதுகளின் நடுவில், பொருளாதாரத்தில் பட்டம் வாங்கிய கையோடு ஜார்ஜ்டவுனில் ஒரு சிறிய ஆய்வு அலுவலகத்தில் சேர்ந்தேன். மலாயாவும் கானாவும் ஒரே ஆண்டில் சுதந்திரம் பெற்றவை. அதன் பிறகு யார் எவ்வளவு முன்னேறினார்கள் என்று ஐரோப்பாவிலிருந்த தலைமையகம் ஒப்பிட்டுப் பார்க்க விரும்பியது. அங்கே ஒரு துறைமுக ஊர், இங்கே டத்தோ கிராமாட்டில் ஒரு சந்து. இரண்டுக்கும் ஒரே கேள்வித்தாள். சொன்னதை எழுதக்கூடாது, உள்ளே போய்க் கண்ணால் பார்த்துத்தான் எழுதவேண்டும் என்பது விதி. மூன்று மாதத்தில் சந்தின் எல்லா வீடுகளையும் முடித்தால் எனக்கு வேலை நிரந்தரம். ஒரு வீடு விட்டுப்போனாலும் ஜுருவில் மாமாவின் பழைய கார் கடையில் தொலைபேசி எடுக்கப் போகவேண்டும். முகம் தெரிந்தவர்களிடமே பேச்சு வராத எனக்கு, முகம் தெரியாதவர்களோடு நாள் முழுவதும் தொலைபேசியில் பேசுவதை நினைத்தாலே காய்ச்சல் வந்தது.

கேள்வித்தாளின் முதல் பக்கத்திலேயே "வீட்டில் எத்தனை ஆடுகள் உள்ளன?" என்று இருந்தது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டிய சந்து அது. கேள்வியை எடுத்துவிடலாமா என்று மேலாளர் நடேசன் ஐயாவிடம் கேட்டேன். ரயில்வே அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். "பிள்ளை, ஒரு புள்ளியும் மாத்த ஏலாது. மாத்தினா பிறகு எப்பிடி ஒப்பிடுறது?" என்றார்.

ஆசியாவுக்கு அநியாயம் நடக்கக்கூடாது என்று தலைமையகம் நமக்காகவும் ஒரு கேள்வி சேர்த்திருந்தது: "வீட்டில் எத்தனை ரம்புத்தான்?" பழமா, மரமா என்று சொல்லவில்லை. கானாவில் என்னைப்போலவே வீடு வீடாக அலைந்த கோஃபி என்பவரிடமிருந்து ஒரு மாதம் கழித்துத் தந்தி வந்தது. "ரம்புத்தான் பெட்ரோலில் ஓடுமா, டீசலில் ஓடுமா? தெளிவுபடுத்தவும்."

பெண் அமைதியாக இருக்கிறது

முதல் நாள் துணைக்கு நடேசன் ஐயாவும் வந்தார். சந்தின் முதல் வீடு லாரி ஓட்டும் முனியாண்டி அண்ணனுடையது. அந்த வீட்டார் வாசலில் கண்டது இதுதான்: வெள்ளைச் சட்டையும் குடையுமாக ஒரு பெரியவர், அவர் பின்னால் தலை குனிந்தபடி சேலை கட்டிய ஒரு பெண். எனக்கு வாய் வராததால் கேள்விகளை அவரே கேட்டார். வீடு சொந்தமா? எத்தனை அறை? மகன் என்ன வேலை செய்கிறார்? படிப்பு எதுவரை? குடும்பத்தில் தீராத நோய் உண்டா?

முனியாண்டி அண்ணனின் மனைவி எல்லாவற்றுக்கும் பணிவாகப் பதில் சொன்னார். நடுவில் உள்ளே போனவர் கேசரியோடு வந்தார். அவருக்குப் பின்னால் அவருடைய மகன் புதுச் சட்டையும் ஈரத் தலையுமாக வந்து என் எதிரில் உட்கார்ந்து தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் என் கட்டைவிரலைப் பார்த்தேன். கேட்டு எழுதுபவள் வெட்கப்படலாம், பதில் சொல்பவர் ஏன் வெட்கப்படுகிறார் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

கிளம்பும்போது அந்த அம்மாள் நடேசன் ஐயாவைத் தனியே அழைத்துச் சொன்னார். "பொண்ணு அமைதியா இருக்கு, எங்களுக்குப் பிடிச்சிருக்கு. ஆனா எத்தனை ஆடுன்னு கேட்டீங்களே, அது யாழ்ப்பாணத்துப் பழக்கமா?"

மேட்ச்

விஷயத்தை விளக்க நடேசன் ஐயாவுக்கு அரைமணி நேரம் பிடித்தது. பெண் பார்க்க வரவில்லை, மாப்பிள்ளை பார்க்கவும் வரவில்லை, கானா நாட்டோடு வாழ்க்கைத் தரத்தை ஒப்பிட வந்திருக்கிறோம் என்றார். மகன் எழுந்து உள்ளே போய்ப் பழைய பனியனோடு திரும்பினான். அதுவரை சும்மா இருந்த முனியாண்டி அண்ணன்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். வார இறுதியில் திடலில் பையன்களுக்குக் கால்பந்து பழக்குகிறவர் அவர்.

"அப்ப நாம ஒரு பக்கம், அவங்க ஒரு பக்கம்," என்றார்.

"அப்பிடிச் சொல்ல ஏலாது," என்றார் நடேசன் ஐயா.

"நாங்க மட்டும்தானா, இல்ல வேற சந்தும் இருக்கா?"

"இப்போதைக்கு இந்தச் சந்துதான்."

முனியாண்டி அண்ணன் வாசலுக்குப் போய்ச் சந்தை இரண்டு பக்கமும் பார்த்தார். ஆட்டக்காரர்களை மனதுக்குள் நிறுத்திப் பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு திரும்பி வந்து என்னிடம் முதன்முறையாகப் பேசினார். "நீ நாளைக்கு வராதம்மா. ஒரு வாரம் கழிச்சு வா. டீம் ரெடியாகணும் லா."

பூத்தையல் விரிப்பு

ஒரு வாரம் கழித்துப் போனேன். சந்து என்னை வியக்கவைத்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் கலர் டிவி, மேசைக்காற்றாடி, பிரம்பு நாற்காலிகள், தையல் மெஷின், ரேடியோ. டிவியின் மேல் நீலப் பறவை தைத்த ஒரு வெள்ளை விரிப்பு. முருகன் படத்துக்குக் கீழேயும் அதே விரிப்பு, மாதா படத்துக்குக் கீழேயும் அதே விரிப்பு. எல்லா விரிப்புகளிலும் வலது மூலையில் இஸ்திரிப்பெட்டி சுட்ட ஒரு பழுப்புத் தழும்பு. இந்தச் சந்தின் பெண்கள் ஒரே ஆசிரியையிடம் பூத்தையல் கற்றிருக்க வேண்டும், தழும்பும் அந்த வேலைப்பாட்டில் சேர்ந்ததுதான் என்று முடிவு செய்தேன். "இப்பகுதியில் கைவினைக் கலை செழித்துள்ளது" என்று குறிப்பும் எழுதினேன். பட்டப் படிப்பு வீண்போகவில்லை.

ஒரு நாளில் ஒரு வீட்டுக்கு மேல் எனக்கு அனுமதி கிடைக்கவில்லை. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினால் "இன்னிக்கு வேணாம், நாளைக்கு வா" என்பார்கள். ஒருநாள் மட்டும் நான் குடையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தேன். அப்போது அந்த வீட்டுக்காரம்மா டிவியின் மின்கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்க எனக்குக் கூச்சம். அவரே சொன்னார். "அதுக்கும் ரெஸ்ட் வேணும்ல?"

கம்பிக்குப் பின்னால்

சந்தின் கடைசி வீட்டில் மட்டும் கதவு திறக்கவே இல்லை. அங்கே மேரி அக்கா இருந்தார். அவருடைய இரண்டு பெண்களும் பாயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் மாறி மாறி ஷிஃப்ட் பார்க்கிறவர்கள். நான் போகும்போதெல்லாம் மேரி அக்கா சன்னல் திரையைக் கையளவு விலக்கி, கம்பி வழியாகத் தேத்தண்ணி நீட்டுவார். வெளியே நின்று குடித்துவிட்டு கிளாஸைக் கம்பி வழியாகவே திருப்பிக் கொடுப்பேன். பெயர் சொன்னார், வயது சொன்னார், ஆடு இல்லை என்றும் சொன்னார். உள்ளே மட்டும் விடவில்லை.

வாரங்கள் போயின. மற்ற வீடுகள் எல்லாம் முடிந்தன. ஜுருவிலிருந்து மாமா "மேசை தயாராக இருக்கிறது" என்று சொல்லி அனுப்பினார். நான் தைரியத்தை எல்லாம் திரட்டிக் கம்பிக்கு அருகில் போய், இந்த வீடு இல்லாவிட்டால் என் வேலை போய்விடும் என்று சொன்னேன். மேரி அக்கா காலி கிளாஸை வாங்கிக்கொண்டார். "மத்த வீடெல்லாம் முடிஞ்சிருச்சில்ல? அப்ப வெள்ளிக்கிழமை வா. அதுக்குள்ள என் வீடு வீட்டுக்கு வந்திரும்."

எதிரணியிலிருந்து ஒருவர்

அந்த வெள்ளிக்கிழமைதான் கோஃபி வந்தார். இரண்டு ஊர் வேலையையும் நேரில் பார்த்து ஒப்பிட்டு வரும்படி தலைமையகம் அவரை அனுப்பியிருந்தது. உயரமானவர், மெதுவாகப் பேசுகிறவர். விமான நிலையத்திலேயே ஒரு ரம்புத்தானைக் கையில் கொடுத்தோம். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "சக்கரம் இல்லை," என்றார்.

நடேசன் ஐயா முதல் நாளே சந்துக்குத் தகவல் சொல்லி வைத்திருந்தார். கானாவிலிருந்து ஆள் வருகிறார் என்றதும், எதிரணி சோதனைக்கு வருகிறது என்று முனியாண்டி அண்ணன் முடிவு செய்துவிட்டார். நாங்கள் முதலில் அவர் வீட்டுக்குப் போனோம். டிவி இருந்தது, காற்றாடி இருந்தது, நீலப் பறவை இருந்தது. விடைபெற்று அடுத்த வீட்டு வாசலுக்கு வந்தால் "கொஞ்சம் இருங்க, சாமி கும்பிட்டுக்கிட்டு இருக்கோம்" என்று குரல் வந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் பின்சந்துக்குப் போகும் இடைவெளி வழியாக முனியாண்டி அண்ணனும் அவர் மகனும் கைலி போர்த்திய ஒரு பெரிய சதுரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எனக்குத் தெரிந்தது. கோஃபிக்கும் தெரிந்தது. கதவு திறந்தது. டிவியின் மேல் பறவை தலைகீழாக இருந்தது. நடேசன் ஐயா அதைக் காட்டிப் பெருமையாகச் சொன்னார். "பாருங்கோ, எல்லா வீட்டிலயும் இருக்கு."

உட்கார ஒன்றும் இல்லை

கடைசி வீட்டுக் கம்பிக்குப் பின்னால் மேரி அக்காவின் முகம் வெளிறியிருந்தது. "இன்னிக்கும் வேணாம்மா," என்றார். நான் வாசலிலேயே நின்றேன். என் கண்ணுக்கு ஜுரு தெரிந்தது. வெயிலில் நடந்து களைத்திருந்த கோஃபி, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டார். கடல் தாண்டி வந்தவருக்குக் கம்பி வழியாகத் தண்ணீர் கொடுக்க மேரி அக்காவுக்கு மனம் வரவில்லை. கதவு திறந்தது.

உள்ளே ஒன்றுமே இல்லை. சுவரில் டிவி இருந்த இடம் மட்டும் வெளுக்காத சாயத்தோடு சதுரமாகத் தெரிந்தது. தரையில் நாற்காலிக் கால்கள் அழுத்திய தடங்கள். ஆணியில் மாதா படம். "உட்கார ஒன்னும் இல்ல," என்று சொல்லிவிட்டு மேரி அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "டிவி, காத்தாடி, மெஷினு எல்லாம் என்னுது. என் பொண்ணுங்க ராத்திரி பகலா நின்னு சம்பாதிச்சது. சந்து தோத்துடக்கூடாதுன்னு கேட்டாங்க, குடுத்தேன். மொத தடவ எல்லாம் திரும்பி வந்துச்சு. இவரு வர்றாருன்னு நேத்து மறுபடி எடுத்துட்டுப் போயிட்டாங்க."

நடேசன் ஐயா என் கையிலிருந்த கேள்வித்தாள் கட்டைத் தடவினார். அத்தனையிலும் ஒரே டிவி. மேரி அக்கா என்னை மட்டும் பார்த்துக் கேட்டார். "கண்ணால பார்த்ததைத்தான் எழுதுவேன்னு சொன்னியே. இந்தச் சந்துலயே நான்தான் ஒன்னும் இல்லாதவள்னு எழுதப்போறியா?"

யார் ஜெயித்தது

வெளியே வந்து சந்தின் நடுவில் நின்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. "மேரி அக்கா சாமானெல்லாம் எடுத்துட்டு வாங்க. எல்லாத்தையும்."

ஒவ்வொரு கதவாகத் திறந்தது. பிரம்பு நாற்காலிகள் தலைமேல் வந்தன. தையல் மெஷின் இரண்டு பேர் நடுவில் ஆடிக்கொண்டு வந்தது. முனியாண்டி அண்ணன் டிவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார். கோஃபி ஓடிப்போய் மறுபக்கம் பிடித்தார். யாரோ காற்றாடியை நடேசன் ஐயாவின் கையில் வைத்துவிட்டுப் போக, அவர் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஏந்தியபடி நின்றார்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் கோஃபி சிரிக்கத் தொடங்கினார். அவருடைய ஊரில் கேள்வித்தாளோடு போனபோது, வரி போட வருகிறார்கள் என்று பயந்து ஊரே ரேடியோக்களையும் தையல் மெஷின்களையும் மீன் கூடைகளுக்கடியில் ஒளித்து வைத்துவிட்டதாம். அவருக்கு அது இங்கே வந்து இந்த விரிப்பைப் பார்த்த பிறகுதான் உறைத்ததாம். "எங்களிடம் எதுவுமே இல்லை, உங்களிடம் எல்லாமே இருக்கிறது என்று தலைமையகம் புத்தகம் போடப்போகிறது," என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். முனியாண்டி அண்ணன், "அப்ப மேட்ச் செல்லாதா?" என்று கேட்டார்.

மேரி அக்கா எழுந்து, துடைத்து வைத்திருந்த ரேடியோவைக் கொண்டுவந்து கோஃபியின் மடியில் வைத்தார். எங்கள் ஊரிலும் ரேடியோ இருக்கிறது, ஒளிந்துதான் இருக்கிறது என்று கோஃபி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நானும் மொழிபெயர்த்தேன். மேரி அக்கா கேட்கவில்லை. "ஒளிஞ்சிருக்கிறது ஒளிஞ்சிருக்கட்டும், பாவம். இதைக் கொண்டுபோய் எண்ணிட்டுத் திருப்பி அனுப்பச் சொல்லும்மா."

ஒரு புள்ளி

நடேசன் ஐயா காற்றாடியைக் கீழே வைத்தார். நிரப்பிய காகிதங்களை எல்லாம் கயிற்றால் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, எழுதாத ஒரு கேள்வித்தாளை என்னிடம் கேட்டு வாங்கினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"பிள்ளை, திங்கட்கிழமை முதல் வீட்டிலயிருந்து திரும்பத் தொடங்குங்கோ," என்றார். "இன்னும் கனகாலம் எடுக்கும். நான் மேலிடத்துக்கு எழுதுறன்."

பிறகு பேனாவைத் திறந்து, "தொலைக்காட்சி உள்ளதா?" என்ற கேள்விக்குக் கீழே சின்ன எழுத்தில் "யாருடையது?" என்று எழுதினார். பேனாவைக் கோஃபியிடம் நீட்டினார். கோஃபி மடியிலிருந்த ரேடியோவின் மேல் அந்தத் தாளை வைத்து, அதற்கும் கீழே "இப்போது எங்கே இருக்கிறது?" என்று எழுதினார்.