கருவாட்டு வாடியில் என் அடையாள அட்டை

1. பெட்டிக்குப் பிணை

“உங்கட ஐ.சி.யை இதில வைச்சிட்டுப் பெட்டியைக் கொண்டு போங்கோ, மிஸ்.”

பேசாலைக்கு அப்பால், கடற்கரையில் ஒரு கருவாட்டு வாடி; மீன் காயப்போடும் கொட்டில். அதன் சொந்தக்காரி ரெஜினா இப்படிச் சொன்னதும் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கந்தோர் அட்டை கழுத்தில் தொங்குகிறது. கையில் முத்திரை குத்திய பற்றுச்சீட்டு இருக்கிறது. இதற்கு மேல் தேசிய அடையாள அட்டையும் வேண்டுமாம் இந்த மனுசிக்கு!

நான் கொழும்பில் உள்ள ஓர் ஆவணக் காப்பகத்தின் கள உத்தியோகத்தராக இருந்து அண்மையில்தான் ஓய்வு பெற்றேன். காப்பகத்தின் பெயர் வேண்டாம். அங்கிருந்து இன்னும் எனக்கு ஒரு சேவைச் சான்றிதழ் வரவேண்டியிருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்துக் கம்பனிகளும் தோட்டங்களும் துறைமுகங்களும் விட்டுப்போன காகிதங்களைத் தேடிப் பிடித்து, பட்டியலிட்டு, ஸ்கேன் பண்ணி வைப்பது எங்கள் வேலை. இது நடந்தபோது மன்னார் மாவட்டம் என் பொறுப்பு. வெள்ளாங்குளத்திலிருந்து மறிச்சுக்கட்டி வரை நான் தட்டாத கதவு குறைவு.

ரெஜினாவின் பூட்டன் ஓர் ஆங்கிலேயச் சங்குக் கம்பனியில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். சங்கு குளிக்க ஆள் சேர்த்து வள்ளங்களில் அனுப்புவதும், வந்த சங்கைக் கணக்கெடுத்துக் கப்பலேற்றுவதும் அவர் வேலை. கம்பனி போய்விட்டது; அதன் தகரப் பெட்டி இவர்களிடம் தங்கிவிட்டது. சண்டைக் காலத்தில் குடும்பம் வள்ளமேறி இந்தியாவுக்கு ஓடியபோது பெட்டியும் கூடப் போய், முகாமில் கிடந்து, திரும்பி வந்தது.

திறந்து, மேலே கிடந்த கட்டை அவிழ்த்து, நின்ற நிலையிலேயே வாசிக்கத் தொடங்கினேன். எங்களிடம் இருக்கும் கம்பனிக் காகிதங்களில் முதலாளிமார்தான் பேசுவார்கள். கூலிக்காரர் வாயே திறப்பதில்லை. இந்தப் பெட்டியில் குளிகாரர் எழுதுவித்த முறைப்பாடுகள் கட்டுக்கட்டாக இருந்தன. காதில் இரத்தம் வந்தவன், சுறா கடித்தவன், காய்ச்சலோடு கடலில் இறக்கப்பட்டவன் எல்லாரும் பெயரோடும் பெருவிரல் அடையாளத்தோடும் இருந்தார்கள்.

ரெஜினாவுக்கு அதெல்லாம் இரண்டாம் பட்சம். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு கடிதம். கம்பனியை மூடும்போது, இப்போது வாடி நிற்கும் கரைத்துண்டைப் பூட்டனுக்கு விட்டுக்கொடுத்து எழுதிய கடிதம் அது. மற்றக் காணி உறுதிப் பத்திரங்கள் எல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டன. கொஞ்ச நாளைக்கு முன்பு யாரோ ஒரு மணல் கம்பனி ஆட்கள் வந்து கரை நெடுகக் குழாய் இறக்கி மண் எடுத்துப் போயிருந்தார்கள். போகும்போது, இந்தக் காணிக்கு என்ன அத்தாட்சி இருக்கிறது என்று கேட்டும் வைத்திருக்கிறார்கள். அத்தாட்சியோ உப்புக்காற்றில் ஊறி, பக்கத்துத் தாள்களோடு ஒட்டி, அப்பளக் கட்டுப் போல இருந்தது. பிய்த்தால் கிழிந்துவிடும். எங்கள் ஆய்வுகூடத்தில் ஈரப்பதம் கொடுத்து மெல்லப் பிரிக்கலாம் என்று சொன்னேன்.

“முதல் மண்ணைத் துளைச்சுப் பாத்தவை. இப்ப பெட்டியைத் துளைக்க நீங்கள் வந்திருக்கிறீங்களோ?”

“நான் கம்பனி ஆள் இல்லை, ரெஜினா.”

“அவையும் அப்படித்தான் சொன்னவை. கடல் ஆராய்ச்சியாம்.”

பிறகுதான் ஐ.சி. கதை வந்தது. “அந்த நாளையில கடலுக்குப் போற எங்கட பெடியள் நேவிக்காரரிட்ட ஐ.சி.யைக் குடுத்திட்டுத்தான் போறவங்கள். ஆள் கரைக்கு வந்தால்தான் ஐ.சி. கையில வரும். நேவி எங்களை நம்பேல்ல. நான் ஏன் உங்களை நம்ப வேணும்?”

கைப்பையைத் திறந்தேன். அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அதை மாதா படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, “மாதா பாத்துக்கொள்ளுவா” என்றார். ஒரு மாதத்தில் பெட்டி திரும்பி வரும் என்று நானும் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

2. வெள்ளை ஒட்டு

பெட்டி கொழும்புக்குப் போனது. தாள்கள் பிரிந்தன, ஸ்கேன் முடிந்தது, அந்தக் கடிதமும் ஒரு சிராய்ப்பில்லாமல் வந்தது. பெட்டி மட்டும் வரவில்லை. கேட்கும்போதெல்லாம் ‘இன்னும் ஒரு கிழமை’ என்றார்கள். இங்கே மன்னாரில் வங்கியிலும் தபாற்கந்தோரிலும் ஐ.சி. இல்லாமல் நான் அசடு வழிந்துகொண்டு நின்றேன். இடையிடையே ரெஜினாவின் தொலைபேசி வரும்.

“மிஸ், மாதா கேக்கிறா. பெட்டி எங்கையாம்?”

பொறுக்க முடியாமல் கொழும்புக்கே போனேன். எங்கள் காப்பகத்தில் இரவல் வாங்கிய பெட்டிக்கு மஞ்சள் ஒட்டு, நன்கொடையாக வந்த பெட்டிக்கு வெள்ளை ஒட்டு. ரெஜினாவின் பெட்டியில் நான் என் கையால் ஒட்டிய மஞ்சள் ஒட்டைக் காணவில்லை. பசை சுரண்டிய தழும்பின் மேல் வெள்ளை ஒட்டு ஒன்று மினுங்கிக்கொண்டிருந்தது. 

நேரே பணிப்பாளரிடம் போனேன். அவர் ஒன்றும் ஒளிக்கவில்லை.

“மிஸ், இது எவ்வளவு பெரிய கலெக்‌ஷன் தெரியுமா? வெளிநாட்டுக்காரங்க கண்காட்சிக்குக் கேக்கிறாங்க. அதைக் கொண்டு போய்க் கருவாட்டு மூட்டைக்குப் பக்கத்தில வைக்கச் சொல்றீங்களா?”

“அது இரவல், சேர். நான் கையெழுத்துப் போட்டு வாங்கினது.”

“நன்கொடைப் பத்திரத்தில அவங்க கையெழுத்தை வாங்கிட்டா முடிஞ்சுது. பற்றுச்சீட்டு மாதிரி ஒண்ணுன்னு சொல்லுங்க, வச்சிருவாங்க.”

“என்ர ஐ.சி. அங்க பிணையா இருக்குது, சேர்.”

வாய்விட்டுச் சிரித்தார். “பொலிஸ்ல தொலைஞ்சு போச்சுன்னு ஒரு என்ட்ரி போடுங்க. புது ஐ.சி. வந்திரும். இதுக்குப் போயா யோசிக்கிறீங்க?”

அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். பழைய காகிதம் என்றால் அவருக்கு உயிர். மழைக்காலத்தில் கூரை ஒழுகியபோது தன் கோட்டைக் கழற்றிக் கோப்புகளை மூடியவர். ஆனால் காகிதத்தில் வைத்த அன்பில் கால்வாசியைக்கூட அதை வைத்திருந்த மனுசி மேல் வைக்கத் தோன்றவில்லை அவருக்கு. ரெஜினாவின் சந்தேகம் அன்றைக்கு எனக்கும் தொற்றிக்கொண்டது. இதுவரை நான் வாங்கிவந்த பெட்டிகளில் எத்தனை இப்படி நிறம் மாறினவோ!

முள்ளை முள்ளால்தான் எடுக்கவேண்டும். “கையெழுத்து வாங்கலாம், சேர். ஆனா பெட்டியைக் கண்ணால காணாமல் அந்த மனுசி பேனையைத் தொடமாட்டா” என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு பெட்டியை வெளியே கொண்டுபோக வாசல் அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். “போய்ட்டுப் பெட்டியோடயே வாங்க.”

“ஓம், சேர்” என்றேன். என் ஓய்வூதியக் கோப்பு அப்போது அவருடைய மேசையில்தான் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டுதான் அந்த ‘ஓம்’ சொன்னேன்.

3. பரண கடதாசி

மன்னார் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மதவாச்சி தாண்டியதும் பொலிஸ் மறித்தது. கஞ்சாச் சோதனை. ஏறிவந்தவர் சிங்களத்தில் ஐ.சி. கேட்டார். கந்தோர் அட்டையை நீட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், ஐ.சி. எங்கே என்று மறுபடி கேட்டார். மாதாவிடம் இருக்கிறது என்றா சொல்வது? வீட்டில் விட்டுவிட்டேன் என்று சமாளித்தேன். அவர் கண் பெட்டிக்குப் போனது.

“மேக்கே மொனவத?” இதில் என்ன இருக்கிறது என்கிறார்.

“பரண கடதாசி, சேர்.” பழைய காகிதம்.

மூடியைத் திறந்தார். எங்கள் ஆய்வுகூடத்தால் எல்லாவற்றையும் போக்க முடிந்தது, அந்த வாடையை மட்டும் போக்க முடியவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு, “கரவல!” என்றார். கருவாடு! பஸ்ஸே சிரித்தது. பெட்டியை மூடிவிட்டு இறங்கிப் போனார். மன்னார்ப் பாலம் வரும்வரை நான் அந்த மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

4. கொப்பி

ரெஜினா பாயை விரித்து, கையை நன்றாகத் துடைத்துவிட்டு, தாள் தாளாக எடுத்துப் பார்த்தார். கண்ணாடித்தாள் உறைக்குள் இருந்த அந்தக் கடிதத்தை நான் தமிழில் வாசித்துச் சொன்னேன்.

“நீங்கள் வாசிச்சது இருக்கட்டும்” என்று அதைப் படம் பிடித்து, மன்னார் டவுனில் ஆங்கிலம் படிப்பிக்கும் மகளுக்கு அனுப்பினார். மகள் தொலைபேசியில் அதையே சொன்ன பிறகுதான் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. அதை எனக்குக் காட்ட விரும்பாமல் கடற்பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் நன்கொடைப் பத்திரத்தை எடுத்து வைத்தேன். “இதில கையெழுத்து வைக்கச் சொல்லி அனுப்பினவை. வைச்சால் பெட்டி அவையின்ர. வைக்கவேண்டாம்.”

“வைக்கவேண்டாமெண்டால் ஏன் கொண்டு வந்தனீங்கள்?”

“நான் கொண்டு வராட்டி வேறொராள் கொண்டு வருவார். அவர் உங்களுக்கு இதைச் சொல்லமாட்டார்.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பத்திரத்தை வெறுமையாகவே நாலாய் மடித்துப் பெட்டிக்குள் போட்டார். “இதுவும் கிடக்கட்டும். பிறகொரு காலத்தில உங்களைப் போல ஆராவது வந்து பாப்பினம்.” இத்தனை வருடம் காப்பகத்தில் இருந்த எனக்கு அது தோன்றவில்லை.

மாதா படத்துக்குப் பின்னாலிருந்து என் அட்டை வந்தது. கருவாட்டு வாடை அதிலும் ஏறியிருந்தது. கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தபோது ரெஜினா சொன்னார்:

“உங்கட ஐ.சி.யை ரெண்டு பக்கமும் போட்டோக்கொப்பி அடிச்சு வைச்சிருக்கிறன், மிஸ்.”

“ஏன்? பெட்டிதான் வந்திட்டுதே?”

“எங்கட கடதாசியளை நீங்கள் கொப்பி எடுத்து வைச்சிருக்கிறீங்கள்தானே?”

தேத்தண்ணி தந்துதான் வழியனுப்பினார். கொழும்புக்கு வெறுங்கையோடு போனேன். பணிப்பாளர் என் கையைப் பார்த்துவிட்டு வேறொரு கோப்பைத் திறந்தார். ஓய்வூதியக் கோப்பு மட்டும் அந்த மேசையை விட்டு இறங்க நெடுநாள் எடுத்தது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். உங்களை யாராவது சந்தேகப்பட்டால் ரோசப்படாதீர்கள். என்ன பிணை வேண்டும் என்று கேளுங்கள். இல்லாமல் உங்களால் இருக்க முடியாத பொருளாகப் பார்த்துக் கொடுங்கள். நான் நல்லவள், அதனால்தான் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன் என்று நினைக்க எனக்கும் ஆசைதான். அட்டை மட்டும் என் பையில் இருந்திருந்தால் ரெஜினாவுக்கு நானும் ‘இன்னும் ஒரு கிழமை’ என்று சொல்லிக்கொண்டே ஓய்வு பெற்றிருப்பேனோ என்ற சந்தேகம் எனக்கு இன்றுவரை தீரவில்லை.