நெற்றியில் சாம்பல், தட்டில் மீன்

சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவனுக்கு, எதிரில் உட்கார்ந்திருப்பவர் ஏன் வந்தார் என்பதும் தெரியாது, நாளைக்கு ஏன் வரமாட்டார் என்பதும் தெரியாது. வாசிக்கிறவர்களில் கல்லாவுக்குப் பின்னால் நின்று முழித்தவர்கள் யாராவது இருந்தால் இந்நேரம் தலையாட்டியிருப்பீர்கள்.

2003. ஹூஸ்டன் பக்கத்தில் ஷுகர்லேண்ட். சாஃப்ட்வேர் வேலை போய்விட்டது, கிரீன் கார்டு மட்டும் கையில் இருந்தது. ஊரைக் காலி செய்து கிளம்பிய ஒரு பெரியவரிடமிருந்து மீன் ரெஸ்டாரண்ட் ஒன்றை வாங்கினேன். கேட்ஃபிஷ் வறுவல், இறால் வறுவல், கிரிட்ஸ் என்கிற வெள்ளைச் சோளக் கஞ்சி, ஹஷ்பப்பி என்கிற சோளமாவு போண்டா என்று அந்தக் கடலோரத்துச் சாப்பாடு. சமையல்கார அம்மா டெல்லா கடையோடு சேர்ந்தே வந்தார். நான் கீழக்கரைக்காரன். மீனைப் பற்றி எனக்கு யார் சொல்லித்தர வேண்டும் என்ற மிதப்பு நிறையவே இருந்தது.

என் மனைவி பரீதாவுக்கு அந்த மிதப்பு கிடையாது. கடை திறந்த அன்றே தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்: "வர்ற நோன்புக்குள்ள கடை சொந்தக் கால்ல நிக்கணும். இல்லேன்னா பேசாம ரெஸ்யூமே அனுப்புங்க."

கொஞ்சம் மசாலா

பாப் என்று ஒரு கிழவர். பழைய முதலாளி காலத்திலிருந்து மதியம் வருவார், கேட்ஃபிஷ் தட்டு ஒன்று சாப்பிடுவார், போவார். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை வராது. எனக்கு அது பொறுக்கவில்லை. டெல்லா அசந்த நேரம் பார்த்து, மாவில் ஊரிலிருந்து வந்த மிளகாய்த்தூளைக் கொஞ்சம் தூவினேன். கொஞ்சம்தான்.

பாப் முகம் செவக்கச் செவக்க முழுத் தட்டையும் காலி செய்தார். ஐஸ் டீ கேட்டார், மறுபடி கேட்டார், ஜாடியையே வைத்துவிட்டுப் போகச் சொன்னார். மறுநாளும் வந்து அதே கேட்ஃபிஷ். அப்படியானால் பிடித்திருக்கிறதா, இல்லையா? வாய்விட்டே கேட்டேன். அவர் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கடை கைமாறினது எனக்குத் தெரியும். டெல்லாவுக்கு யார் மேல கோபம்?"

பிறந்தநாள் பார்ட்டி

நம்ம ஆட்களை இழுக்கலாம் என்று தமிழ்ச் சங்க மெயிலில் ஒரு விளம்பரம் போட்டேன். உடனே போன். கோயமுத்தூர்க்காரர் செந்தில், மகனுக்குப் பிறந்தநாளாம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடை முழுக்க வேண்டுமாம். நானும் டெல்லாவும் மதியத்திலிருந்தே இறால் உரித்தோம்.

பலூனோடு வந்து உட்கார்ந்தார்கள். இறால் தட்டு வெளியே வந்ததும் யாரும் கை வைக்கவில்லை. "பாய், இன்னைக்கு வெள்ளிக்கெழமைங்க. நாங்க கவுச்சி தொடமாட்டமுங்க" என்றார் செந்தில். பிறகு எதற்காக மீன் கடையைப் பிடித்தீர்கள்? பார்க்கிங் தாராளமாக இருந்ததாம். சரி, ஹஷ்பப்பி கொடுக்கலாம் என்றால், மீன் பொரித்த அதே எண்ணெய். கடைசியில் பச்சை முட்டைக்கோஸையும், அவர்கள் கொண்டுவந்த முட்டையில்லாத கேக்கையும் தின்றுவிட்டு எழுந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. செந்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க மேலதானுங்க தப்பு, கேக்காம வந்துட்டோம். அடுத்த வெள்ளிக்கெழமை கேட்டுட்டு வர்றமுங்க."

அழுக்கு

மார்ச் மாதத்தில் ஒரு புதன்கிழமை. பக்கத்து பேங்க்கில் வேலை செய்யும் மரியா வந்தாள். நெற்றியில் கரியாக ஏதோ அப்பியிருந்தது. கார் பானெட்டைத் திறந்து கைவைத்திருப்பாள் என்று நினைத்து, ஈர டிஷ்யூவை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். பின்னாலேயே இன்னொருவர், அவருக்கும் நெற்றியில் கரி. அப்புறம் ஒரு குடும்பமே, குழந்தை உட்பட. சர்ச்சில் பூசிய சாம்பலாம்.

சாம்பல் என்றதும் எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது, அல்லது விளங்கியதாக நினைத்துக்கொண்டேன். நெற்றியில் திருநீறு பூசிய நாளில் எங்கள் ஊரில் என் சிநேகிதர்கள் வீட்டில் மீன் வாசனையே ஆகாது. இவர்களும் தெரியாமல் நுழைந்துவிட்டார்கள், செந்தில் கதைதான் என்று, ஓடிப்போய் எல்லா மேஜையிலும் பவ்வியமாகச் சொன்னேன்: "மன்னிக்கணும், இங்கே மீனைத் தவிர வேறொன்றும் பெரிதாகக் கிடைக்காது." மரியா என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"யூசுப், அதனாலதானே இன்னிக்கு இங்க வந்திருக்கோம்?"

கதவில் ஒரு அட்டை

செந்தில் புண்ணியத்தில், வெள்ளிக்கிழமைகளில் மீன் ஓடாது என்று முடிவு கட்டியிருந்தேன். ஆகவே ஜும்மா தொழுகைக்கு நிம்மதியாகக் கடையை மூடிவிட்டுப் போவேன். கதவில் என்ன எழுதுவது என்பதுதான் கவலை. டிவியில் எந்நேரமும் போர்ச் செய்தி ஓடிய காலம். 'பிரேக்' என்று மட்டும் எழுது, வம்பை விலைக்கு வாங்காதே என்றார்கள் நண்பர்கள். பயம் எனக்கும் இருந்தது. ஆனாலும் தொழப் போகிறவன் பொய் எழுதிவிட்டா போவது என்று, 'தொழுகைக்குப் போயிருக்கிறேன், திரும்பி வருவேன்' என்று அட்டையை ஒட்டினேன்.

அந்தப் புதனை அடுத்த வெள்ளி, பள்ளிவாசலிலிருந்து திரும்பினால் கடை வாசலில் பெருங்கூட்டம். கல்லெறிய வந்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். காரை விட்டு இறங்காமல் கதவைப் பூட்டிக்கொண்டேன். முன்னால் நின்ற ஒருவர் அட்டையைக் காட்டிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"தொழுதாச்சா? நல்லது. இப்ப மீன் போடுங்க, எல்லாரும் பசியில நிக்கிறோம்."

கூட்டம் போன இடம்

அதற்கப்புறம் வெள்ளிக்கு வெள்ளி திருவிழாதான். ஏன் வருகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. வருகிறவர்களை ஏன் என்று கேட்பார்களா? என் கைமணம் ஊரெல்லாம் பரவிவிட்டது என்று நானே முடிவு செய்து, இரண்டாவது எண்ணெய்ச் சட்டி ஒன்று, கரண்டில் ஓடுவது, வாங்கிப் போட்டேன். பரீதாவிடம், கடை சொந்தக் காலில் நின்றுவிட்டது, ரெஸ்யூமேயை அழித்துவிடு என்று சொல்லியும் விட்டேன்.

ஈஸ்டர் முடிந்த வெள்ளிக்கிழமை ஈ காக்கை இல்லை. எண்ணெயை முகர்ந்தேன், மாவை நக்கிப் பார்த்தேன், வாசல் போர்டில் லைட் எரிகிறதா என்று வெளியே போய்ப் பார்த்தேன். டெல்லாவைக் கேட்டால் அவர் பாத்திரம் கழுவிக்கொண்டே சிரிக்கிறார். பரீதாவிடம் என்ன சொல்வது? கடையில் இருந்தது பாப் மட்டும்தான். எல்லோரும் எங்கே போனார்கள் என்று அவரிடமே போய் நின்றேன்.

"அவங்க நோன்பு முடிஞ்சிருச்சுப்பா. வெள்ளிக்கிழமை கறி கூடாது, மீன் கூடும்னு இருந்தாங்க, இப்ப பர்கர் கடையில நிப்பாங்க."

இரண்டாவது சட்டி

நோன்பு மாதம் மட்டும் சமோசாக் கடை களைகட்டுவதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். எனக்கு இது தோன்றவில்லையே என்று என்மேலேயே ஆத்திரமாக வந்தது. தேய்த்துக் கழுவி வைத்த புதுச் சட்டி சும்மா கிடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் செந்தில், சொன்ன சொல் தவறாமல், போன் பண்ணிக் கேட்டார்: "பாய், தனி எண்ணெய் இருக்குதுங்களா?" இருந்தது, அந்தச் சட்டியில் புது எண்ணெய் ஊற்றினால் போதும். டெல்லா முட்டை சேர்க்காமல் மோர் விட்டு ஹஷ்பப்பி போட்டார். நான் கிரிட்ஸில் கடுகு தாளித்தேன். அடுத்த வாரம் செந்தில் நாலு குடும்பத்தோடு வந்தார். அதற்கடுத்த வாரம், எனக்குத் தெரியாத குடும்பங்கள் செந்தில் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தன.

எங்கள் நோன்புக்கு முந்தின வெள்ளிக்கிழமை பரீதா தீர்ப்புச் சொல்ல வந்தாள். நான் கல்லாவில் நின்றேன். உட்கார இடம் கிடைக்காமல் அவளும் என் பக்கத்திலேயே நின்றாள். பாப் மேஜையிலும் மரியா மேஜையிலும்தான் மீன். மற்ற மேஜை எல்லாவற்றிலும் போண்டாவும் தாளித்த கிரிட்ஸும். மேஜை மேஜையாக எண்ணிப் பார்த்தாள்.

"மீன் கடைக்கு மீன் திங்காதவங்கதான் வரிசையா வர்றாங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல. ரெஸ்யூமே கிடக்கட்டும், அந்த மேஜையைத் தொடைங்க, ஆள் நிக்கிறாங்க."

ஆக, சாம்பல் பூசினால் மீன் தேடுகிறவர்களும், பூசினால் மீனைத் தொடாதவர்களும், சாம்பலே பூசாத நானும் சேர்ந்து அந்தக் கடையைச் சொந்தக் காலில் நிறுத்திவிட்டோம். எப்படி என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.