டீச்சரம்மாவின் கிருத்திகை நோட்டு

சிவப்பு அட்டை போட்ட நீள நோட்டு அது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பெயரைக் கூப்பிட வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. மூலைகள் மடங்கி, அட்டையின் மேல் சந்தனக் கறை காய்ந்து கிடக்கும். அதை மார்போடு அணைத்துக்கொண்டு டீச்சரம்மா எங்கள் தெருமுனையில் மலைக்குப் போகும் பஸ்ஸுக்கு நிற்பதைப் பல வருடம் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவில் முட்டி தேய்ந்த பெண்கள் எட்டுப் பேர். மாதக் கிருத்திகைக்கு எங்களால் படியேற முடியாது. பஸ்ஸில் போனாலும் வரிசையில் நிற்க முடியாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்த டீச்சரம்மா, எங்கள் எட்டுப் பேருக்கும் சேர்த்துத் தானே போவதாகச் சொன்னார். நோட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் குருக்களிடம் சொல்லி அர்ச்சனை செய்துவிட்டு, சாயந்திரம் வீட்டுக்கு வீடு விபூதிப் பொட்டலம் கொண்டு வந்து கொடுப்பார்.

நோட்டில் பெயர், நட்சத்திரம், வேண்டுதல் என்று மூன்று கட்டங்கள் இருந்தன. நான்காவது கட்டம் போன் நம்பருக்கு. எல்லார் கையிலும் போன் வந்த பிறகு அவரே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுச் சேர்த்தது. தீபாராதனை ஆகிற நேரம் வெளி மண்டபத்தில் நின்றுகொண்டு மாதம் ஒருத்திக்குப் போன் போடுவார். "சரோஜாம்மா, மணி கேக்குதா? கும்புட்டுக்கோங்க" என்பார். நான் அடுப்பைத் தணித்துவிட்டு, போனைக் காதோடு அழுத்திப் பிடித்து, மிச்சமிருக்கிற ஒரு கையால் கும்பிடுவேன். போன் என்றால் எனக்கு அப்போது அதுதான். மலை கீழே இறங்கி வந்து என் காதில் பேசுகிற மாதிரி.

சரோஜா என்பது ரேஷன் அட்டையில் இருக்கிற பெயர். அதற்கு முன்னால் எனக்கு வேறு பெயர் இருந்தது. எனக்கு முன்பு பிறந்த இரண்டும் தங்கவில்லை என்று, நான் பிறந்ததும் என்னை முறத்தில் போட்டுக் குப்பைமேட்டில் வைத்து, அத்தைக்காரி ஒருத்தி எடுத்து வந்து திரும்ப என் தாயிடம் கொடுத்தாளாம். அப்படிச் செய்தால் சாவு திரும்பிப் பார்க்காது என்று நம்பிக்கை. அதனால் குப்பச்சி என்று பெயர் வைத்தார்கள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது மாமியார் வீட்டில் அந்தப் பெயரை மாற்றிவிட்டார்கள். எனக்கும் அது நல்லதாகவே பட்டது. ஆனால் சாமிக்கு முன்னால் பிறந்த பெயரைத்தான் சொல்ல வேண்டும், மாற்றுப் பெயருக்குச் செய்கிற அர்ச்சனை போய்ச் சேராது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். ஆகவே டீச்சரம்மாவின் காதோடு சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. குப்பச்சி, பூசம் என்று எழுதிக்கொண்டார். இந்த ஊரில் அந்தப் பெயர் அந்த நோட்டில் மட்டும்தான் இருந்தது.

நான் யாரிடமும் சொல்லி அழுகிறவள் இல்லை. என் வீட்டுக்காரர் போன பிறகும் கே.ஜி.கண்டிகை நிலத்தில் நானே நின்று வேர்க்கடலை போட்டேன். எங்கள் பக்கத்தில் அதை மல்லாட்டை என்போம். என் ஒரே மகனைப் பற்றி யாராவது கேட்டால் "வேலையா இருக்கான்" என்று சொல்லி அடுத்த பேச்சுக்குப் போய்விடுவேன். அவன் தன் அப்பன் சாவுக்கு நேரத்துக்கு வரவில்லை. தூரத்து ஊரில் வேலை, சேதி போய்ச் சேர நேரமாகிவிட்டது, வழியில் பஸ் நின்றுவிட்டது என்று பிற்பாடு தெரிந்தது. அவன் வந்தபோது சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பிவிட்டார்கள். வாசலில் அத்தனை சனத்துக்கு நடுவில், "எரிச்சி முடிச்சாச்சி. வந்த வழியே போ" என்றேன். "நைனா மூஞ்சிய நானுந்தாம்மா பாக்கல" என்று மட்டும் சொன்னான். வந்த வழியே போய்விட்டான். நகரியில் இருக்கிற அவன் மாமியார் வீட்டிலும் நான் போய் நிற்கவில்லை, அவன் நம்பரையும் கேட்கவில்லை. அவனிடம் என் நம்பர் இருந்தது. அது ஒன்றுதான் எனக்கு இருந்த பிடி.

அதுவரை என் வேண்டுதல் கட்டத்தில் "குடும்ப நலம்" என்று இருந்தது. இரண்டு வருடம் கழித்து ஒரு கிருத்திகைக்கு முதல் நாள், டீச்சரம்மா வீட்டுக்குப் போய் அதை மாற்றி எழுதச் சொன்னேன். என்னவென்று கேட்டார். அவர் காதோடு சொன்னேன். மகன் என்னிடம் பேச வேண்டும், வேறு எதுவும் வேண்டாம். பொடி எழுத்தில் எழுதி முடித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "எழுதினதோட நான் மறந்துடுவேன் சரோஜாம்மா. சாமிதான் ஞாபகம் வெச்சிக்கணும்" என்றார். பெரிய வார்த்தை அது. அன்றைக்கு எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

போன வருடம் மாடியில் மல்லாட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. தெரியாத நம்பர் என்றால் நான் ஓடித்தான் எடுப்பேன். ஒரு பெண் பேசினாள். "வணக்கம்மா, குப்பச்சி அம்மாங்களா?" என்றாள்.

கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பெயரை நோட்டைத் தவிர இன்னும் ஒருவன் அறிவான். சின்ன வயதில் என் தாய் என்னை அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டு என்னைக் கேலி செய்தவன். "எம் பையங்கிட்டேர்ந்தா பேசற? அவன் பேசச் சொன்னானா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"ஆமாங்கம்மா, உங்க பையன் விஷயமாத்தாங்கம்மா" என்றாள் அவள்.

அதன் பிறகுதான், பிரிந்து போன பிள்ளை நாற்பத்தெட்டு நாளில் வீடு திரும்பப் பூஜை செய்த தகடு என்று ஆரம்பித்தாள். நான் போனை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. பெயர் தெரிந்திருக்கிறது, மனசில் இருப்பதும் தெரிந்திருக்கிறது, ஒருவேளை மலைமேல் இருக்கிறவனே வழி காட்டுகிறானோ என்று நினைத்து விலாசத்தைச் சொன்னேன். பார்சலில் வந்த தகடு பிஸ்கட் டப்பா மூடியை வெட்டின மாதிரி இருந்தது. அதையும் நிலைவாசலில் கட்டினேன்.

அதற்குப் பிறகு போன் ஓயவே இல்லை. கடன் வேண்டுமா, மனை வேண்டுமா, முட்டிக்குத் தைலம் வேண்டுமா என்று கேட்டார்கள். இந்தியில் பேசினார்கள். யாரும் இல்லாமல் தானாகவே பேசுகிற குரலும் வந்தது. எல்லோரும் என்னை அம்மா என்றார்கள். எந்தக் குரலிலிருந்து அந்தச் சொல் வர வேண்டும் என்று காத்திருந்தேனோ, அது தவிர ஊரிலுள்ள அத்தனை குரலிலிருந்தும் வந்தது. போன் கடைக்காரர், "தெரியாத நம்பர எடுக்காத பெரிம்மா. இல்லாங்காட்டி நம்பர மாத்திடு, அஞ்சு நிமிஷ வேல" என்றார். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். மாற்ற முடியாது என்பதற்கான காரணத்தை அவரிடம் எப்படிச் சொல்வேன்?

பக்கத்து வீட்டில் அம்மையார்குப்பத்திலிருந்து வாழ வந்தவள் இருக்கிறாள், எங்கள் எட்டுப் பேரில் ஒருத்தி. புருஷனுக்குத் தறி வேலை. ஒரு நாள் மத்தியானம் முகம் வெளுத்து வந்தாள். "யக்கா, யாரோ ஒரு பொம்பள போன் பண்றாக்கா. உங்க பொண்ணுக்கு வயித்துல தங்கலியாமே, மருந்து இருக்குதுன்றா. எங்க வூட்டுக்காரருகிட்ட கூட நான் சொன்னதில்லக்கா."

"பின்ன யார்கிட்ட சொன்ன?"

"சாமிகிட்டதாங்கா" என்று மலைப்பக்கம் கையைக் காட்டினாள். காட்டின கை பாதியில் நின்றது. நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் திரும்பி எதிர்வரிசையில் மூன்றாவது வீட்டைப் பார்த்தோம்.

டீச்சரம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நான் உட்காரவில்லை. "நோட்ட கொஞ்சம் காட்டுங்க டீச்சரம்மா" என்றேன். எழுந்து போய் எடுத்து வந்தார். ஒரு பக்கம்கூடக் கிழியாமல் அப்படியே இருந்தது. எனக்கு வெட்கமாகப் போயிற்று. நல்ல மனுஷியைச் சந்தேகப்பட்டோமே என்று நோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் கை நோட்டை வாங்க நீளவில்லை.

"நோட்டு இங்கியேதான் இருந்துச்சி. அவ போன்ல படம் புடிச்சிக்கினு போனா" என்றார். அவள் என்றால் அவருடைய மகள். புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்து, போனில் பேசி வியாபாரம் செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தாள். "ஆளுக்கு இத்தினி நம்பர் கொண்டாந்தாதான் வேல நிக்குமாம். ஒரே அழுக. பேரும் நம்பரும் மட்டுந்தாம்மான்னா."

"வேண்டுதல் அடுத்த கட்டத்துலதான இருக்குது. அத கைய வெச்சி மறச்சிக்கினா படம் புடிச்சா?"

அவர் உட்கார்ந்து மறுபடி கீரையை உருவ ஆரம்பித்தார். "போன்தான சரோஜாம்மா. வேற நம்பர் மாத்திக்கினா முடிஞ்சிது" என்றார்.

மகளுக்காகச் செய்ததைக்கூட நான் விழுங்கியிருப்பேன். பெற்றவள் எதையும் செய்வாள். ஆனால் இதைப் போன் கடைக்காரர் சொல்லலாம், தெருவில் போகிறவர் சொல்லலாம். நான் ஏன் நம்பரை மாற்ற முடியாது என்று தெரிந்த ஒரே மனுஷி இந்த உலகத்தில் அவர்தான். எழுதினதோடு மறந்துவிடுவேன் என்று சொன்னாரே, மெய்யாகவே மறந்துதான் போயிருந்தார். "நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நோட்டைப் படிக்கட்டில் வைத்துவிட்டு வந்த ஞாபகம். அன்றிலிருந்து அவரோடு பேச்சில்லை.

வீட்டுக்கு வந்து தகட்டைப் பிடுங்கி எறிந்தேன். அடுப்பங்கரையில் போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தேன். எதிர்ப்பக்கம் பேச்சில்லை, மூச்சு மட்டும் கேட்டது. இவர்கள் போன் இப்படித்தான் முதலில் சற்று நேரம் சும்மா இருக்கும், பிறகுதான் குழைந்து பேசுவார்கள். அன்றைக்கு அந்தக் குழைவை என்னால் கேட்க முடியாது என்று தோன்றியது. "எம் பையன் செத்துட்டான். புரியுதா? செத்துட்டான். இனிமே இந்த நம்பருக்குப் பண்ணா செருப்பால அடிப்பேன்" என்று கத்திவிட்டு வைத்தேன். மகனைத் தூண்டிலில் புழுவாகக் குத்தித்தானே என்னை இழுத்தார்கள். புழு இல்லை என்று சொல்லிவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். சொன்ன வாயைக் கழுவிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்தது ஆடிக் கிருத்திகை. தெருவெல்லாம் பூக்காவடியும் சந்தனம் பூசின மொட்டைத் தலைகளுமாக இருந்தது. சம்பந்தியம்மாள் நகரியிலிருந்து மொட்டை போட்ட பேத்தியோடு வந்து என் வாசலில் நின்றார். என் வீட்டுக்காரர் சாவுக்குப் பிறகு என் வாசலை மிதிக்காதவர். குழந்தையை உள்ளே விடாமல் கையைப் பிடித்துக்கொண்டே கேட்டார். அண்ணி என்பதை அவர் தெலுங்கில் வதினா என்பார்.

"வதினா, ஒண்ணு கேக்கலாம்னு வந்தேன். உங்களுக்கு அவர் மேல கோவம் இருக்கட்டும். அதுக்காக உயிரோட இருக்கற புள்ளைய செத்துட்டான்னு சொல்லலாமா? இத்தினி வருஷம் யோசிச்சி யோசிச்சி அன்னிக்குத்தான் போன் பண்ணாரு. புது நம்பரு. பேச்சு வராம நின்னாராம். நீங்க அப்டி சொன்னீங்களாம். அன்னிக்கு அவர் சோறு துன்னல வதினா."

டீச்சரம்மா மேல் இருந்த கோபம் அந்த நேரத்தில் போய் எங்கோ ஒளிந்துகொண்டது. நோட்டைப் படம் பிடிக்க விட்டது அவர்தான். ஆனால் அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது. முன்பு வாசலில் சொன்னதும் இதே வாய்தான்.

"போன போடுங்க" என்றேன். சம்பந்தியம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போட்டார். "ஆங், சொல்லுங்க அத்த" என்று அவன் குரல் கேட்டது. போனை என் கையில் கொடுத்தார். இந்தத் தடவை நான்தான் வெறும் மூச்சாக நின்றேன். அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"யம்மா" என்றான். பிறகு, "உயிரோடதாம்மா கீறேன்" என்றான்.

"உன்ன சொல்லலடா."

"வேற யார சொன்ன? உனக்கு எத்தினி புள்ள?"

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் அந்தப் பெண்ணின் போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் டீச்சரம்மாவின் நோட்டைச் சொல்ல வேண்டும். நோட்டைச் சொன்னால், அதில் மூன்றாவது கட்டத்தில் என்ன எழுதச் சொன்னேன் என்று, அவனிடமே, சம்பந்தியம்மாளும் பேத்தியும் கேட்க, என் வாயால் சொல்ல வேண்டும். ஊர் பேர் தெரியாத பெண்களெல்லாம் படித்துவிட்டார்கள். அவன் ஒருவனுக்குத்தான் இன்னும் தெரியாது.

வாசற்படியில் உட்கார்ந்தேன். "வெச்சிடாத, கொஞ்சம் நேரமாவும்" என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.