பொம்மைக்குத்தான்

பிறக்காத குழந்தைக்கு ஒரு கைக்குட்டை வாங்கினால்கூட எங்கள் வீட்டில் குற்றம். மயிலாப்பூரில் எங்கள் தெரு முழுக்க இதே சட்டம்தான். குழந்தை பிறந்து, தீட்டுக் கழிந்து, பெயர் வைத்த பிறகுதான் புதுத்துணி. அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்காவுக்கு ஏற்கெனவே இரண்டு முறை குழந்தை தங்கவில்லை. அப்போதெல்லாம் யாரும் எதுவும் வாங்கி வைக்கவில்லையே, என்ன வாழ்ந்தது?

எழுபதுகளின் நடுவில் அவள் மூன்றாவது முறையாகப் பிரசவத்துக்கு வந்தாள். நவராத்திரி நெருங்கிக்கொண்டிருந்தது. இதுவாவது தங்க வேண்டுமே என்று வீட்டில் எல்லோரும் குரலைத் தாழ்த்தியே பேசினோம். ஒரு மத்தியானம் அக்கா என்னைப் பக்கத்தில் இழுத்தாள்.

"ஒரே ஒரு குல்லா பின்னிக் குடேன்டி. மழை நாள்ல பொறக்கப் போறது, தலை குளிரும்."

பாண்டி பஜாரில் மஞ்சள் உல்லன் நூல் வாங்கி வந்தேன். பாதி பின்னுவதற்குள் அம்மா வந்து நின்றாள்.

"என்னடி பின்னிண்டிருக்கே?"

"கொலுவில வைக்கிற தவழற கிருஷ்ணனுக்கும்மா. பொம்மைக்குத்தான்."

அம்மா ஊசியைப் பார்த்தாள், அக்காவின் வயிற்றைப் பார்த்தாள். "பொம்மைக்குன்னா சரி" என்று போய்விட்டாள். எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரி நான் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

மறுநாள் அம்மாவும் ஊசி நூலோடு உட்கார்ந்தாள். தன் பழைய நூல் புடவைகளைக் கிழித்து, மடிப்பு மடிப்பாக அடுக்கி, ஒரு சின்ன மெத்தை தைக்க ஆரம்பித்தாள். கொலு முடிந்ததும் பொம்மைகளைச் சுற்றி உள்ளே வைக்கவாம். முடிச்சு ஒன்றுகூட மேலே தெரியாமல் உள்பக்கம் தள்ளித் தள்ளித் தைத்தாள். மண் பொம்மைக்கு முடிச்சு உறுத்துமா என்ன? அதை நான் யோசிக்கவே இல்லை.

அந்த வருஷம் கொலுப்படி ஓரமெல்லாம் மிச்ச நூலில் குஞ்சம் கட்டித் தொங்கவிட்டேன். கீழ்ப்படியில் கிருஷ்ணன் மஞ்சள் குல்லாவோடு தவழ்ந்தான். சுண்டலுக்கு வந்த மாமிகள், "கிருஷ்ணனுக்கு ஜலதோஷமா?" என்று கேலி செய்தார்கள். குல்லா பெரிது, அவன் கண்ணுக்கு மேல் இறங்கிவிடும். போகும்போதும் வரும்போதும் அக்கா குனிய முடியாமல் குனிந்து அதை மேலே ஏற்றிவிடுவாள்.

"என் கொழந்தைக்கு இது சரியா..." என்று ஒருநாள் அவள் ஆரம்பித்ததும் அம்மா ஓடிவந்து வாயைப் பொத்தினாள்.

"பொம்மைக்குன்னு சொல்லு! வாய் முகூர்த்தம் பலிச்சுடும்."

அதிலிருந்து அக்கா யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், "பொம்மைக்குத்தான்" என்றே சொன்னாள்.

சரஸ்வதி பூஜையன்று அவளுக்கு வலி எடுத்தது. அப்பாவும் அம்மாவும் நர்சிங் ஹோமுக்கு அழைத்துப் போனார்கள். மறுநாள் அம்மா மட்டும் ரிக்‌ஷாவில் திரும்பி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பிள்ளைதான். மூச்சே இல்லை. சுத்தறதுக்கு ஒரு பழைய துணி கேக்கறா."

பீரோவைத் திறந்து அந்த மெத்தையை எடுத்தாள். பிறகு கொலுப்படிக்கு வந்து கிருஷ்ணன் தலையிலிருந்து குல்லாவைக் கழற்றினாள். நான் வாயைத் திறப்பதற்குள், "எனக்குத் தெரியாதாடி? நான் மட்டும் யாருக்குத் தெச்சேன்னு நெனச்சே?" என்றாள். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. ஒரே வீட்டில், ஒரே குழந்தைக்கு, இரண்டு பேரும் திருடிகளைப்போல ஒளித்து ஒளித்துத் தைத்திருக்கிறோம்!

நானும் கூடவே போனேன். அக்காவின் கட்டிலருகே வைத்துத்தான் அம்மா அவனைச் சுற்றினாள். குல்லாவை நான் போட்டுவிட்டேன். அவன் தலைக்கு அது கச்சிதமாக இருந்தது. அப்பா கை நீட்டி வாங்கிக்கொள்ள வந்தபோது அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"பொம்மைக்கு, பொம்மைக்குன்னு சொல்லிச் சொல்லி, பொம்மையாவே வந்துடுத்தேம்மா."

அம்மா பழக்கத்தில் அவள் வாயைப் பொத்தக் கையைக் கொண்டுபோனாள். பாதியில் அந்தக் கை அப்படியே நின்றுவிட்டது.