மறு விதைப்புக்கு ஒரு சிட்டிகை

தின்னவும் ஆகாது, தலையில் வைக்கவும் ஆகாது, மோந்தால் பெரிய மணமும் கிடையாது. அப்படிப்பட்ட பூவை வளர்க்க இந்த நுவரெலியாவில் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள் என்றால் எங்கள் ஊர் எம்.ரெட்டியபட்டியில் யார் நம்புவார்கள்? அந்த ஆள் நான்தான். பூவின் பெயர் பான்சி. மை அப்பிய பிள்ளை முகம் மாதிரி இருக்கும். குளிர் இருந்தால்தான் பூக்கும்.

அது உலகச் சண்டைக் காலம். சீமையிலிருந்து விதை வருவது நின்றுபோயிருந்தது. தேயிலைத் தோட்டத்துத் துரையின் மனைவி, நாங்கள் துரைசாணி என்போம், கையிலிருந்த கடைசிப் பொட்டலத்தைப் புரட்டாசி பிறந்ததும் என்னிடம் கொடுத்தாள். பட்டாளத்திலிருந்த அவள் மகன் மார்கழியில் லீவில் வருகிறானாம். வாசலில் பான்சி பூத்து நிற்க வேண்டும். விதையைப் பெட்டியில் தூவி மண் மூடி, கறுப்புத் துணி போட்டு இருட்டில் வை என்றாள். "பூ இல்லை, நீயும் இல்லை" என்று தனக்குத் தெரிந்த தமிழில் முடித்தாள்.

வெயில் காணாததெல்லாம் ஒரு விதையா? கரிசலில் பருத்தி விதையைச் சாணிக் கரைசலில் பிசறிக் காயவைத்துத்தான் விதைப்போம். அவள் உள்ளே போனதும், கேழ்வரகு அளவே இருந்த அந்த விதையையும் அப்படியே பிசறிச் சுளகில் காயப்போட்டேன். பிறகுதான் பெட்டியில் தூவி, அவள் சொன்ன துணியைப் போட்டேன். என் புத்தியை என்ன சொல்ல!

பதினெட்டு நாளாகியும் பெட்டியில் பச்சையே இல்லை. தினமும் காலையில் துரைசாணி வந்து துணியைத் தூக்கிப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், துணியை மூடிவிட்டுப் போவாள். வேலை போனால் கூலிகளுக்கென்று கொடுத்திருந்த லயத்து அறையும் போகும். ஊரில் இரண்டு வருஷமாக மழை இல்லை. என் மனைவி முத்துலட்சுமிக்கு அப்போது ஏழு மாதம்.

ஒரே ஒரு வழி இருந்தது, அதைச் சொல்லத்தான் பயம். ஊரில் நாங்கள் விதையை முழுக்க விதைப்பதில்லை. முதல் மழை ஏமாற்றினால் மறுபடி விதைக்க ஒரு பிடி எடுத்துவைப்போம். அந்தப் பழக்கத்தில் பொட்டலத்திலிருந்தும் ஒரு சிட்டிகையைத் துணியில் முடிந்து லயத்தில் வைத்திருந்தேன். அது சாணி படாத விதை.

"அதக் கொண்டுபோயிக் குடுங்க" என்றாள் முத்துலட்சுமி.

"குடுத்தா திருடுனேம்பாக."

"குடுக்காட்டி மட்டும் வச்சுக்கிருவாகளா? நடங்க, நானும் வாரேன்."

விதையில் சாணி பூசியதைத் துரைசாணியிடம் ஒப்புக்கொண்டு முடிச்சை அவிழ்த்துக் காட்டினேன். அவள் முகம் சிவந்துவிட்டது. "திருட்டு?" என்றாள்.

"இல்லம்மா. எங்க ஊருல மழை ஏமாத்துனா மறு விதைப்புக்கு வேணும்னு எடுத்து வைப்போம்."

அவள் சன்னல் பக்கம் திரும்பினாள். மூன்று நாளாக விடாத மழை பெய்துகொண்டிருந்தது. "இங்கே மழை இருக்கே" என்றாள். விதையை வாங்கித் தன் கையாலேயே தூவி, பெட்டியைத் தன் அறைக்குத் தூக்கிப் போனாள்.

பன்னிரண்டாம் நாள் முளை கண்டது. மார்கழிக் கடைசியில் மகன் வந்தபோது வாசலில் ஒன்பது செடிகள் பூத்திருந்தன. அதற்குள் எனக்கும் மகள் பிறந்திருந்தாள். வேலை தப்பியது. ஆனால் அதுவரை திறந்தே கிடந்த துரைசாணியின் விதை அலமாரிக்குப் பூட்டு விழுந்தது. அது என்னைச் சுட்டது, இன்றும் சுடுகிறது.

பங்குனியில் காய் வெடித்தபோது துரைசாணி பக்கத்திலேயே நின்று விதையை வாங்கிக்கொண்டாள். லயத்துக்கு வந்து வேட்டியை உதறினால் மடியில் ஒரு முடிச்சு. என் விரல் தன்பாட்டுக்கு ஒரு சிட்டிகையை முடிந்திருக்கிறது.

முத்துலட்சுமி பிள்ளையைத் தோளில் போட்டபடி பார்த்தாள். "இது எந்த ஊரு மறு விதைப்புக்கு?" என்றாள்.

ஊரில் தூவினால் கருகிப்போகும். இங்கே எனக்கென்று ஒரு சாண் மண் கிடையாது. முடிச்சை இன்னும் இறுக்கி மடியிலேயே செருகிக்கொண்டேன்.